இரண்டாம் வரிசையில் 118 ஆண்டுகள்

 

பிரான்ஸ் தேசத்தின் புகழ்பெற்ற சிவப்புத் திராட்சை மது ஒன்றையும், அதை விளைவிக்கும் தோட்டத்தையும் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டு இந்த மேடையில் நிற்கிறேன். அறிவிப்பைப் படித்தபோதே உங்களிற் சிலர் முகம் சுளித்திருக்கலாம். கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றுகின்ற நாட்டில், இவ்வளவு பெரியோர்கள் கூடியிருக்கும் சபையில், மதுவைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று எண்ணியிருக்கலாம். அந்த எண்ணம் நியாயமானதே. ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடிப்பவர்களைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை, விளைவிப்பவர்களைப் பற்றியே பேசப்போகிறேன். ஒரு பொருளை உண்டாக்குகிறவன் அந்தப் பொருளுக்கு எதுவரையில் பொறுப்பாளி? அது தன் கையை விட்டுப் போகும்வரையிலா, அல்லது அதை அனுபவிப்பவனுடைய கைக்குப் போய்ச் சேரும்வரையிலா? இந்தக் கேள்விக்கு ஒரு திராட்சைத் தோட்டம் தன் சரித்திரத்தையே விடையாக எழுதி வைத்திருக்கிறது. அதன் பெயர் ஷாட்டோ மூட்டோன் ரோத்ஷீல்டு.

முதலில் அந்த நிலத்தைப் பார்ப்போம். பிரான்ஸின் தென்மேற்கே, கரோன், தோர்தோஞ் என்னும் இரண்டு ஆறுகள் கூடி, ஜிரோந்து என்னும் அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக் மாகடலில் கலக்கின்றன. அந்தக் கழிமுகத்தின் இடக்கரையில், போர்டோ நகரத்துக்கு வடக்கே நீண்டு கிடக்கும் பிரதேசத்துக்கு மெதோக் என்று பெயர். அதிலே பொயாக் என்பது ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூர். அங்கே வயலில் இறங்கிக் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினால் கையில் மண் வராது, கூழாங்கற்களே வரும். கோழிமுட்டை அளவிலும் புளியங்கொட்டை அளவிலும், வெள்ளையும் பழுப்புமாக, ஆறு பல யுகங்களாகக் கொண்டுவந்து குவித்த கற்கள் அவை. நெல் அங்கே விளையாது, கோதுமையும் செழிக்காது. ஆனால் திராட்சைக் கொடிக்கு அதுவே பாக்கியம். மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுவதால் வேர் நீரைத் தேடி ஆழத்துக்கு இறங்குகிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்ளும் கற்கள் இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. கபர்னே சோவிஞ்ஞோன் என்னும் கருந்திராட்சை, தோல் தடித்தது, பழுக்க நாளாவது. அந்தக் கற்களின் சூடு இருந்தால்தான் அது அங்கே முழுமையாகக் கனியும். ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்புள்ள மூட்டோன் தோட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு அந்தக் கொடிதான். மிச்சத்தில் பெரும்பகுதி மெர்லோ, சிறுபகுதி வேறு சில இனங்கள்.

நல்ல நிலம் வாய்த்துவிட்டால் எல்லாம் வாய்த்துவிடுமா? அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் இதே கற்கள்தாம், இதே வெயில்தான், இதே மழைதான். ஆகவே நிலத்தை வணங்கிவிட்டு மனிதர்களிடம் வருவோம்.

1853-ஆம் ஆண்டில், ரோத்ஷீல்டு என்னும் பெரிய வங்கிக் குடும்பத்தின் இங்கிலாந்துக் கிளையைச் சேர்ந்த நத்தானியேல் என்பவர் அந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கித் தம் குடும்பப் பெயரை அதற்குச் சூட்டினார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1855-இல், மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி பாரிஸ் மாநகரில் சர்வதேசக் கண்காட்சி ஒன்றைக் கூட்டினார். உலகம் முழுவதும் வந்து பார்க்கப்போகும் அந்த இடத்தில் போர்டோ மதுக்களைத் தரவாரியாக வைக்கவேண்டும் என்ற யோசனை எழுந்தது. பொறுப்பு போர்டோ வர்த்தக சபையிடம் வந்தது. சபை அதை நகரத்து மதுத் தரகர்களிடம் ஒப்படைத்தது. தரகர்கள் என்ன செய்தார்கள்? சுவை பார்க்கும் மகாநாடு ஒன்றைக் கூட்டவில்லை. தங்கள் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார்கள். எந்தத் தோட்டத்து மது நெடுங்காலமாக என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்து, அந்த விலைவாரியாகவே ஐந்து வரிசைகளாக ஒரு ஜாபிதா எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் வரிசையில் நான்கே பெயர்கள்: லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். மூட்டோன் எங்கே? இரண்டாம் வரிசையில், அதன் தலைப்பில். பந்தியில் இடம் கிடைத்தது. தலைவாழை இலைக்குப் பக்கத்து இலையாகக் கிடைத்தது. கடைசி வரிசையில் கிடப்பவனுக்கு மேலே ஏறுவதற்குப் பல படிகள் இருக்கின்றன என்ற ஆறுதலாவது உண்டு. முதலிடத்துக்கு ஒரே ஒரு படி கீழே நிற்பவனுடைய வேதனை தனி வேதனை. அந்தக் குடும்பம் அதை மறக்கவில்லை. முதல்வனாக முடியவில்லை, இரண்டாமவனாக இருக்க மனமில்லை, நான் மூட்டோன் என்னும் கருத்தில் ஒரு வாசகத்தைத் தங்கள் விருதாகவே பொறித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1868-இல் அதே ரோத்ஷீல்டு குடும்பத்தின் பாரிஸ் கிளையைச் சேர்ந்த ஜேம்ஸ் என்பவர், பக்கத்திலேயே இருந்த லாஃபித் தோட்டத்தை வாங்கினார். முதல் வரிசையை அவர் பணம் கொடுத்து வாங்கிவிட்டார்! ஒரு கிளைக்கு முதல் ஸ்தானம் கிரயப் பத்திரத்தோடு வந்து சேர்ந்தது. மற்றொரு கிளை அதற்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்திருந்த காலத்தில் கொடிகளும் சும்மா இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நுண்ணிய பூச்சி வேர்களை உறிஞ்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கிற்று. அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். பின்னாலேயே அடிச்சாம்பல் நோய் வந்தது. அந்தச் சமயத்தில் பொயாக்கை அடுத்த சான் ழூலியான் என்னும் ஊரில் ஒரு தோட்டத்தார், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமலிருக்க, பாதையோரக் கொடிகளின் மேல் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். 1882-இல் அந்தப் பக்கமாக வந்த மில்லார்தே என்னும் தாவர சாஸ்திரப் பேராசிரியர், தோட்டத்தின் உட்புறத்துக் கொடிகளெல்லாம் நோயால் இலை உதிர்த்து நிற்க, திருட்டுக்குப் பயந்து மருந்து தெளித்த பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டு வியந்தார். ஆராய்ந்து, 1885-இல் அந்தக் கலவையை உலகத்துக்கு அறிவித்தார். நம்முடைய தென்னந்தோப்பிலும் பாக்குத் தோட்டத்திலும் இன்றைக்கும் விவசாயிகள் தெளிக்கிறார்களே, போர்டோ கலவை, அது இதுதான். மதுவைத் தொடாதவர்களும் அந்தத் திராட்சைச் சீமைக்கு இந்த வகையிலே கடன்பட்டிருக்கிறோம்!

இனி நம் கதாநாயகர் வருகிறார். 1922-ஆம் ஆண்டு, நத்தானியேலின் கொள்ளுப்பேரர் பிலிப் என்னும் இருபது வயது வாலிபர் தோட்டத்தின் நிர்வாகத்தை ஏற்றார். அவருக்கு முந்தைய தலைமுறைகள் பாரிஸ் நகரத்தில் வாழ்ந்து, தோட்டத்தைத் தூரத்திலிருந்து ஆண்டவை. இவரோ மோட்டார்ப் பந்தயத்திலும் நாடகத்திலும் மோகம் கொண்ட உல்லாசப் பிரபு. இவர் கையில் தோட்டம் உருப்படுமா என்று ஊரார் ஐயுற்றிருந்தால் அது அவர்கள் குற்றமாகாது. ஆனால் வந்தவர் கேட்ட முதற் கேள்வியே அஸ்திவாரத்தை அசைக்கும் கேள்வியாக இருந்தது. அந்த நாளில் வழக்கம் என்னவென்றால், தோட்டத்தார் மதுவைப் பீப்பாயில் அடைத்துப் போர்டோ நகரத்து வணிகரிடம் விற்றுவிடுவார்கள். அதைப் பக்குவப்படுத்திப் புட்டியில் அடைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி ஊர் ஊராக அனுப்புகிறவர் வணிகர். சமைத்தவள் ஒருத்தி, தாளித்தவள் வேறொருத்தி, பரிமாறியவள் இன்னொருத்தி என்றால், குழம்பு கெட்டுப்போனபோது யாரைக் கேட்பது? வணிகருடைய நிலவறையில் மட்டமான மது ஒன்று கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கெட்ட பெயர் வந்தால் யாருக்கு வரும்? பீப்பாயை விற்றவர் வணிகரைக் காட்டுவார். வணிகர் தோட்டத்தைக் காட்டுவார். இந்தப் புட்டிக்கு யார் பொறுப்பு என்று பிலிப் கேட்டார். நானே பொறுப்பு என்று தாமே விடையும் சொன்னார். 1924-ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து, தோட்டத்து மது முழுவதும் தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கப்படும் என்று தீர்மானித்தார். ழான் கார்லு என்னும் சித்திரக்காரரைக் கொண்டு அந்த ஆண்டுப் புட்டிக்குப் புதிய பெயர்ச்சீட்டு ஒன்றும் வரையச் செய்தார்.

சொல்வது எளிது. ஆனால் இரண்டு மூன்று விளைச்சல்களின் பீப்பாய்களை வைத்துக் காக்க இடம் வேண்டுமே! 1926-இல் ஷார்ல் சிக்லி என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு மதுக்கூடம் கட்டினார். சிக்லி நாடக அரங்குகளைக் கட்டிப் பெயர் பெற்றவர். இந்தக் கூடத்தையும் அரங்கம் போலவே அமைத்தார். நடுவே பார்வையை மறைக்க ஒரு தூணில்லை; வாயிலில் நின்று பார்த்தால் வரிசை வரிசையாகப் பீப்பாய்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை அணிவகுத்து நிற்கும்.

அந்தக் கூடத்தில் நடக்கும் காரியத்தைச் சற்று அருகே சென்று பாருங்கள். இலையுதிர்காலத் தொடக்கத்தில் குலைகளைக் கையாலே கொய்து, அழுகலும் காயும் பொறுக்கி நீக்கி, பழத்தைத் தோலோடு பெருந்தொட்டிகளில் புளிக்க விடுகிறார்கள். கருந்திராட்சையின் சாறு நிறமற்றது. தோலோடு ஊறும்போதுதான் அந்தச் சிவப்பு நிறமும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் இறங்குகின்றன. பிறகு 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களுக்கு மாற்றுகிறார்கள். ஒரு பீப்பாய் என்பது 300 புட்டி. மரத்தின் வழியே மது சிறிது சிறிதாக ஆவியாகிக் குறையக் குறைய, மேலே காற்று தங்காதபடி அவ்வப்போது நிரப்பிக்கொண்டே வரவேண்டும். சில மாதங்களுக்கொருமுறை, அடியில் தங்கிய வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு வடிக்கிறார்கள். வடிப்பவர் மெழுகுவர்த்தியோ விளக்கோ ஒன்றைப் பக்கத்தில் பிடித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் விழும் தாரையை இமை கொட்டாமல் பார்த்திருப்பார். முதல் கலங்கல் தென்பட்ட கணமே திருகை மூடிவிடுவார். கடைசியில் பீப்பாய் ஒன்றுக்கு ஐந்தாறு முட்டையின் வெண்கருவை அடித்து ஊற்றுகிறார்கள். மிஞ்சிய துகள்களைச் சேர்த்துக்கொண்டு அது அடியில் படிந்துவிடும். இப்படி ஒன்றரை ஆண்டு, சில சமயம் அதற்கும் மேலே. அதன் பிறகுதான் புட்டி, தக்கை, பெயர்ச்சீட்டு. இத்தனை கையும் கண்ணும் பட்ட பொருளை, முடிவுக் கட்டத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியுமா?

ஆனால், அன்பர்களே, நல்ல பொருளுக்குப் பொறுப்பேற்பது பெரிதன்று. எல்லாரும் முன்வருவார்கள். விளைச்சல் கெட்ட ஆண்டிலே என்ன செய்வது? அங்கேதான் மனிதனின் தரம் தெரிகிறது. 1930-ஆம் ஆண்டு அப்படிப்பட்ட ஆண்டு. பருவம் பொய்த்தது, மது மெலிந்திருந்தது, உலகமெங்கும் பொருளாதார மந்தம் வேறு. பெயர் இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இல்லை, விற்றுவிடலாம் என்று சபலம் தட்டும் சமயம். பிலிப் என்ன செய்தார்? தோட்டத்தின் பெயருக்குத் தகாது என்று தாம் கருதிய மதுவுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க மறுத்தார். மூட்டோன் காதே, அதாவது இளைய மூட்டோன், என்று வேறொரு பெயர் சூட்டிக் குறைந்த விலைக்கு விற்றார். அந்த இளையவன் பிற்காலத்தில் போர்டோ பிரதேசமெங்கும் வாங்கிய திராட்சையில் உருவாகும் பொது மதுவாக வளர்ந்து, உலகமெல்லாம் விலைபோய், குடும்பத்துக்குப் பெரும் பொருளீட்டித் தந்தான் என்பது தனிக் கதை. தோட்டத்தின் உயரிய மதுவுக்கு ஒவ்வாத பகுதியை ஒதுக்கி வேறு பெயரில் வெளியிடுவது, 1993-ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து அங்கே நிலைத்த வழக்கமாகவே ஆகிவிட்டது.

பின்பு யுத்தம் வந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் பிலிப்பின் பிரெஞ்சுக் குடியுரிமையை, நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசாங்கம் பறித்தது, அவர் சிறைப்பட்டார், பின்னர் பிரனே மலையைக் கடந்து தப்பி இங்கிலாந்து சேர்ந்து, தெ கோல் தளபதியின் படையில் இணைந்தார். அவருடைய மனைவி எலிசபெத்தை நாஜிகள் பிடித்துச் சென்றார்கள். 1945-இல் ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் அந்த அம்மையார் மாண்டார். தோட்டம் மிஞ்சியது, தோட்டத்துத் தலைவி மிஞ்சவில்லை. அந்த 1945-இல், வசந்தகாலப் பனியில் பெரும்பகுதி கருகி, மிஞ்சிய சொற்பத் திராட்சையில் உருவான மது, அந்த நூற்றாண்டின் தலைசிறந்த மதுக்களில் ஒன்றாக அமைந்தது. அந்தப் புட்டியின் பெயர்ச்சீட்டில் பிலிப் ழூலியான் என்னும் இளம் ஓவியர் வெற்றியின் அடையாளமாக ஓர் எழுத்தைத் தீட்டினார். அதிலிருந்து ஆண்டுக்கு ஓர் ஓவியர் என்ற வழக்கம் பிறந்தது. 1947-இல் ழான் காக்தோ, 1955-இல் பிராக், 1958-இல் தாலி, 1964-இல் ஹென்றி மூர், 1969-இல் மிரோ, 1970-இல் ஷாகால், 1975-இல் வார்ஹோல் என்று நீளும் அந்த வரிசை இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் ஒரு சிறு சித்திரசாலை. மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் வண்ணமும் 2009-ஆம் ஆண்டுப் புட்டியில் ஏறியிருக்கிறது. இவர்களுக்குச் சன்மானம் என்ன தெரியுமா? ரொக்கமில்லை, பெட்டி பெட்டியாக மது!

இவ்வளவும் நடந்தும் 1855-ஆம் ஆண்டு ஜாபிதா அசைந்ததா? சாம்ராஜ்யம் போயிற்று, குடியரசு வந்தது. இரண்டு உலக யுத்தங்கள் மூண்டு தணிந்தன. தரகர்கள் எழுதிய காகிதம் மட்டும் கற்பாறைபோல் நின்றது. பிலிப் விடாமல் வாதாடினார். மனு எழுதினார், மந்திரிகளைக் கண்டார், போட்டித் தோட்டத்தாருடைய எதிர்ப்பைத் தாங்கினார். கடைசியில் 1973-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிற்காலத்தில் பிரான்ஸின் ஜனாதிபதியான ழாக் ஷிராக், அப்போது விவசாய மந்திரியாக இருந்து, மூட்டோனை முதல் வரிசைக்கு உயர்த்தும் உத்தரவில் கையெழுத்திட்டார். ஒரு வரிசையிலிருந்து மேல் வரிசைக்கு அந்த ஜாபிதாவில் ஏறிய தோட்டம் இன்றுவரை அது ஒன்றே. இப்போது முதல்வன், முன்பு இரண்டாமவன், மூட்டோன் மாறுவதில்லை என்று விருது வாசகத்தையும் புதுப்பித்தார்கள். அந்த ஆண்டுப் புட்டியை, அவ்வாண்டு ஏப்ரல் மாதம் காலமான பிக்காஸோவின் ஓவியம் அலங்கரித்தது.

உங்களில் யாரேனும் எழுந்து, ஐயா, ரோத்ஷீல்டு குடும்பத்துச் செல்வமும் செல்வாக்கும் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நூறு மீட்டர் மதுக்கூடம் கட்டுவதற்கும், கெட்ட ஆண்டின் நஷ்டத்தைத் தாங்குவதற்கும், மந்திரிகளின் கதவைத் தட்டுவதற்கும் பணம் வேண்டும். ஏழைக் குடியானவன் அதே பொருளை அதே சிரத்தையோடு விளைவித்திருந்தாலும் இந்த ஏற்றத்தைக் கண்டிருக்கமாட்டான். இதை மறைப்பதில் பயனில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: இன்று அந்தப் புட்டிகளிற் பல, ஏலத்தில் கைமாறி, திறக்கப்படாமலே ஒரு பெட்டகத்திலிருந்து மற்றொரு பெட்டகத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அருந்துவதற்கென்று உண்டாக்கிய பொருள் முதலீட்டுப் பத்திரம் ஆகிவிட்டது. பொறுப்பால் வளர்ந்த கீர்த்திக்கு அதிருஷ்டம் செய்யும் பரிகாசம் இது.

பரிகாசம் அதோடு நிற்கவில்லை. முதல் வரிசை கிடைத்து மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. 1976-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில மது வியாபாரி பாரிஸில் ஒரு பரீட்சை நடத்தினார். புட்டிகளின் பெயரை மறைத்து, பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர் முன்னிலையில், பிரெஞ்சு மதுக்களையும் கலிபோர்னியா மதுக்களையும் கலந்து வைத்தார். சிவப்பு மதுவில் முதலாவதாக வந்தது எது? கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் தோட்டத்து 1973-ஆம் ஆண்டு மது. நட்டு மூன்றே ஆண்டான கொடிகளில் விளைந்தது! மூட்டோனின் 1970-ஆம் ஆண்டு மது இரண்டாவது. நூற்றுப்பதினெட்டு ஆண்டுகள் போராடி எந்த ஸ்தானத்தை உதறினார்களோ, அந்த ஸ்தானத்திலேயே ஒரு பிற்பகலில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள், அதுவும் தங்கள் சொந்த நாட்டு நிபுணர்களே!

பிலிப் பிரபு மனம் இடிந்து போனாரா? கலிபோர்னியா என்ற சொல்லையே வெறுத்தாரா? அந்தப் பரீட்சை நடந்த சில ஆண்டுகளுக்குள், கலிபோர்னியாவின் மது உற்பத்தியாளர் ராபர்ட் மொண்டாவியோடு கூட்டுச் சேர்ந்து, அமெரிக்க மண்ணில் ஓபஸ் ஒன் என்னும் மதுவை உருவாக்கினார். அதன் முதல் விளைச்சல் 1979-ஆம் ஆண்டினது. 1988-இல் அவர் மறைந்த பிறகு, நாடக மேடையிலே நடிகையாகப் புகழ்பெற்றிருந்த அவர் மகள் பிலிப்பின், தந்தையின் பொறுப்பைத் தாம் ஏற்று 2014-இல் மறையும்வரை காத்தார்.

பெரியோர்களே! என் சொற்பொழிவை முடிக்கும் தறுவாயில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தத் தோட்டம் முதல்தரமானது எப்போது? மந்திரி கையெழுத்திட்ட 1973-இல் என்று சட்டம் சொல்லும். ஆனால் அரசாங்கம் கொடுத்த முதலிடத்தை மூன்று ஆண்டுக்குள் ஒரு மேசை பறித்துவிட்டதே! பிறர் கொடுக்கும் வரிசை பிறர் எடுக்கும் வரிசை. 1855-இல் தரகர்களின் கணக்குப் புத்தகம் கொடுத்தது. அதுவும் விலையைத்தான் எழுதிற்று, விலைக்குப் பின்னாலிருந்த மனத்தை எழுதவில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தோட்டம் முதல்தரமானது 1930-இல் என்பேன். கெட்டுப்போன விளைச்சலை முன்னால் வைத்துக்கொண்டு, இதற்கு என் பெயர் கிடையாது என்று அதன் எஜமானன் சொன்ன அந்த ஆண்டில் என்பேன். நம்மில் நூல் நூற்கிறவர்கள் இருக்கிறோம், நூல் எழுதுகிறவர்கள் இருக்கிறோம், பாடம் சொல்லுகிறவர்கள் இருக்கிறோம். மதுவை நாம் தொடவேண்டாம். அந்தத் துணிவை எடுத்துக்கொள்வோம். தரங்குறைந்த வேலைக்குத் தன் பெயரைத் தர மறுக்கின்ற மனிதனுக்கு எந்த ஜாபிதாவும் தேவையில்லை. அவனை இரண்டாம் வரிசையில் உட்கார வைக்க எந்தச் சக்கரவர்த்தியாலும் முடியாது.